முதல் விருப்பம்: நிலவியல்

டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பான். நான் பஸ்ஸில் கால் வைத்ததுமே அவனுக்கு ரோட்டோரத் தென்னை மரங்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிடும். செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலையில் தலை நரைத்தவன் நான். சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. அதனால், வடக்கே கடைசி ஜில்லாவில் ஒரு கல்லூரியில் தீர்த்தாவுக்கு ஏதோ நிலவியலாம், அந்தப் படிப்பு கிடைத்திருக்கிறது என்று என் தங்கை வத்சலா மூச்சிரைக்க வந்து சொன்னபோது, நான் பார்த்தது தீர்த்தாவின் முகத்தைத்தான். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்த்தா வத்சலாவின் ஒரே மகள். அவள் அப்பா அஜயன் மஸ்கட்டில். ஒரே வளவில் இரண்டு வீடு, வேலிகூடக் கிடையாது. அவளுக்கு நான் அம்மாவன், அதாவது தாய்மாமன். அந்த முறையில் அவளுடைய பள்ளிக்கூடம், டியூஷன், செருப்பு சைஸ் வரை எல்லாம் என் பொறுப்பு. அஜயன் போனில் எதைக் கேட்டாலும் கடைசியில் "சேட்டன் சொல்றபடி செய்யுங்க" என்று முடித்துவிடுவான். அவனுக்கும் அதுதான் சௌகரியம்.

பிளஸ் டூவில் அவள் வாங்கிய மார்க்குக்கு எந்தக் கல்லூரியிலும் எந்தப் பாடமும் கிடைக்கும். ஆகவே வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அஜயனுக்கு பி.காம், மஸ்கட்டில் கணக்குப் படித்தவன்தான் ஏ.சி. அறையில் உட்கார்கிறானாம். வத்சலாவுக்கு நர்ஸிங், அக்கம்பக்கத்தில் பாதிப் பெண்கள் ஜெர்மனியில் இருக்கிறார்களாம். என் கட்சி கெமிஸ்ட்ரி. அது என் கட்சிகூட இல்லை, அவளுடையதுதான். சின்ன வயதிலேயே, அம்மா தலைக்குத் தேய்க்க அரைத்து வைத்த செம்பருத்தியில் சோப்புத் தண்ணீரை ஊற்றி நிறம் மாறுகிறதா என்று பார்த்து அடி வாங்கியவள். குடம்புளி ஊறின தண்ணீர், சுண்ணாம்பு, வாழைப்பட்டைச் சாம்பல், எதையும் அவள் விட்டு வைத்ததில்லை. எங்கள் ஊர்க் கல்லூரியில் கெமிஸ்ட்ரி இருக்கிறது. வீட்டு வாசலில் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் கல்லூரி வாசல். அப்புறம் பி.எட்., அப்புறம் டீச்சர் வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அவள் மே மாதம் முழுக்க யோசித்தாள். போனில் எல்லாக் கல்லூரிகளின் பாடங்களையும் திறந்து வைத்துக்கொண்டு, கஞ்சி குடிக்கும்போதுகூட வாசித்துக்கொண்டிருப்பாள். இத்தனை பாடங்கள் உலகத்தில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தத்துவம், தொல்லியல், கன்னடம், அரபி, பொருளாதாரத்திலேயே மூன்று தினுசு. பி.எஸ்ஸி. பக்கம் போனால் மீன் வளர்ப்பு, ரப்பர், புள்ளியியல், உளவியல். "அம்மாவா, தொல்லியல் இருக்கிற காலேஜ் எங்க இருக்கு தெரியுமா?" என்று கேட்பாள். எனக்கு ஒரே பெருமை. எந்தப் பஸ், எங்கே மாற வேண்டும், கடைசி வண்டி எப்போது என்று அப்படியே ஒப்பிப்பேன். நம்ம டிப்போ வண்டி அந்தக் கல்லூரி வாசலில்தான் நிற்கும், டிரைவர் நம்ம ஆள்தான் என்பேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவாள். கடைசியில் எப்படியும் கெமிஸ்ட்ரிக்குத்தான் வரப் போகிறாள், ஊரைச் சுற்றிப் பார்க்கட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

வந்தது நிலவியல். அதுவும் அவள் முதல் விருப்பமாகப் போட்டது. முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் இந்த வருஷத்துப் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கெடு. இந்த விதி அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே வெளியே வரும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள்.

ஏன் நிலவியல் என்று கேட்டேன். பதில் தயாராக இருந்தது.

"நம்ம ஊர்ல கல்லே இல்லியே அம்மாவா. எங்க தோண்டினாலும் மணலு, இல்லைன்னா சேறு. கல்லு எப்படி உண்டாகுதுன்னு படிக்கணும்னு தோணிச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஜில்லாவில் மலையும் இல்லை, பாறையும் இல்லை. வீடு கட்டுவதற்குக்கூடக் கல் கிழக்கேயிருந்து லாரியில் வர வேண்டும். ஆனால் கேட்டவுடன் வருகிற பதிலை நான் நம்புவதில்லை. பர்ஸ் தொலைந்துபோச்சு சார் என்று உடனே சொல்கிறவன் பர்ஸ் சட்டைப்பையில் இருக்கும்.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்த அக்ஷயா சென்டருக்குப் போனேன். அங்கே லைலா என்கிற பெண் உட்கார்ந்திருப்பாள். நிலவியல் வேறு எங்கும் இல்லையா என்று கேட்டேன். தெற்கே இரண்டு கல்லூரிகளில் இருக்கிறது, பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான், தீர்த்தாவிடம் சொல்லியும் அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள் என்றாள் லைலா. கல்லுக்காகப் போகிறவள் பக்கத்தில் இருக்கிற கல்லை ஏன் விட வேண்டும்? பாடம் ஒரு சாக்கு. அந்த ஊரில் ஆள் இருக்கிறான்.

யார் என்று நான் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தீர்த்தா பள்ளிக்கூடம் போகிற வண்டிகளின் கண்டக்டர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். நான் கேட்காமலே சொல்லுவார்கள். இன்று நாலேகால் வண்டியில் வரவில்லை, அடுத்ததில் வந்தாள். இன்று சிரித்துக்கொண்டே வந்தாள். இன்று கூட ஒரு பெண், புதுசு. அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜிதின் என்கிற பையன் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இயர்போனில் ஒன்றை அவளுக்குக் கொடுத்துப் பாட்டுக் கேட்டான் என்ற செய்தி வந்தது. மறுநாளே அதே வண்டியில் ஏறினேன். அவன் மாணவர் சலுகை அட்டையில் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டியிருந்தது. வெயிலில், எல்லாரும் பார்க்க இறக்கிவிட்டேன். இப்போது அந்த ஜிதின் கப்பல் வேலை படிக்க மங்களூர் போயிருக்கிறான் என்று டிப்போவில் ஒருத்தன் சொன்னான். மங்களூருக்கும் அந்தக் கல்லூரிக்கும் என்ன பெரிய தூரம்? ரயிலில் உட்கார்ந்து சட்டையைச் சரிபண்ணுவதற்குள் வந்துவிடும்.

வத்சலாவிடம் சொன்னேன். அவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே தீர்த்தாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஜிதின் வீட்டுக்குப் போனால் அவன் மங்களூர் முகவரி வாங்கலாம் என்று போனேன். வயல் வரப்பில் முழங்கால் வரை சேறோடு தாறா வாத்துக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு நின்றவன் சாட்சாத் ஜிதின்தான். மங்களூரில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையாம். கப்பலில் ஏற்றியதும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பாவின் தாறாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தீர்த்தா பெயரை எடுத்ததும் அவன் சிரித்தான். எனக்குப் பிடிக்காத சிரிப்பு.

"அவளுக்கும் எனக்கும் என்ன சார் இருந்துச்சு? ஒரு பாட்டு கேட்டோம். நீங்க எறக்கிவிட்டதுக்கு அப்புறம் அவ என் பக்கம் திரும்பவே இல்ல. நான் மட்டுமா? அவ பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடக்கும். பொண்ணுங்களே உக்கார மாட்டாங்க. பேசினது பூரா சாயங்காலம் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போகும்னு எல்லாருக்கும் தெரியும்."

வாயாடி என்று மனதுக்குள் திட்டிவிட்டு வந்தேன். காலியாக இருந்தால் நல்லதுதானே, நிம்மதியாக உட்கார்ந்து வரலாமே என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காலி சீட்டு அன்று முழுக்க மனதை அரித்துக்கொண்டே இருந்தது. சரி, இவன் இல்லையென்றால் வேறு ஒருத்தன். போனில் பழகினவனாக இருக்கலாம். நான் பார்க்காத முகமாக இருக்கலாம். அதுதான் இன்னும் ஆபத்து.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நானே அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். கல்லூரியைப் பார்ப்பேன், அங்கே இருக்கிறவர்களைப் பார்ப்பேன். சரியாகப் பட்டால் கார்டியன் என்று கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் அடுத்த ரயிலில் திருப்பிக் கூட்டி வருவேன். ஒரு வருஷம் போனால் போகட்டும். வத்சலா சரி என்றாள். தீர்த்தாவும் சரி என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

ரயிலில் ஒரு நாள் பூரா எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வாலிபன் யாராவது எங்கள் பக்கம் வந்தால் நான் அவன் முகத்தைப் பார்ப்பேன், அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பேன். கட்லெட் விற்கிறவனைக்கூட விடவில்லை. தெற்கே இரண்டு கல்லூரி இருக்கும்போது ஏன் வடக்கு என்று பாரதப்புழையைத் தாண்டும்போது கேட்டேன். "அங்க கல்லு வேற மாதிரி" என்றாள். எப்படி வேற மாதிரி என்றேன். "அது படிச்சாத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பழம்பொரியைக் கடித்தாள்.

லாட்ஜில் தங்கி, வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷன் வாசலிலிருந்து தனியார் பஸ் பிடித்தோம். கண்டக்டர் நல்ல பேச்சுக்காரன். காலேஜ் ஸ்டாப் வந்ததும் தானே கூப்பிட்டு, அவள் பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.

நிலவியல் துறைத் தலைவர் சுஹரா டீச்சர். தட்டம் போட்டு முக்காடிட்ட தலை, கையில் ஒரு சுத்தியல். அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகளில் கற்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. நான் உட்காருவதற்கு முன்பே கேட்க ஆரம்பித்தேன். வகுப்பில் பையன்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊர், ஹாஸ்டல் கேட் எப்போது பூட்டுவார்கள், மலைக்குக் கூட்டிப் போகும்போது பெண்களோடு யார் போவது. டீச்சர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பெண்கள்தான் அதிகமாம்.

"சார் போலீஸா?" என்று கடைசியில் கேட்டார்.

பஸ்ஸில் செக்கிங் என்றேன்.

"அப்ப போலீஸே தேவலாம்" என்றார். தீர்த்தா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

டீச்சர் அவளிடமும் ஏன் நிலவியல் என்று கேட்டார். ஊரில் கல் இல்லை என்கிற பாட்டையே அவள் மறுபடி பாடினாள். டீச்சருக்கு அது பிடித்துப்போய் ஒரு செம்பாறைத் துண்டை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். விருந்துக்குப் போன வீட்டில், குழந்தையைக் கொஞ்ச வேண்டியிருக்கிறதே என்று கையில் வாங்குவார்களே, அப்படி. செம்பருத்திக் கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்தவள் இவளில்லை. எனக்கு உறுதியாகிவிட்டது. கல்லுக்காக வரவில்லை.

வராந்தா, கேன்டீன், லைப்ரரி வாசல் எல்லாம் அவளை நடத்திக் கூட்டிப் போனேன். எவனாவது திரும்பிப் பார்க்கிறானா, எவனையாவது பார்த்து இவள் நடை மாறுகிறதா என்று கவனித்தேன். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருத்தன் என்னைப் பார்த்து, "அங்கிள், ஆபீஸ் அந்தப் பக்கம்" என்றான்.

மதியத்துக்கு மேல் எதிர்க் கடையில் பொரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். ஆபீஸ் நாலு மணிக்கு மூடிவிடும். நான் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"மோளே, எனக்குக் கோவம் இல்ல. பேரை மட்டும் சொல்லு. அவனைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டு நானே கையெழுத்துப் போடறேன்."

அவள் பொரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வெளியே ரோட்டைக் காட்டினாள். ஒரு தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"காலைலேர்ந்து உக்காந்திருக்கோம். இந்த ரோட்டுல ஒரு அரசாங்க பஸ்ஸாவது பாத்தீங்களா அம்மாவா?"

பார்க்கவில்லை. பஸ் என்றால் என் கண் தானாகப் போகும். அதனால் நிச்சயமாகத் தெரியும். ஒன்றும் போகவில்லை.

"ஆளெல்லாம் யாரும் இல்ல. நான் பாடத்தைத் தேடவே இல்ல. ஒவ்வொரு காலேஜா உங்ககிட்ட கேட்டேன். நீங்க பஸ் சொன்ன எடத்தை எல்லாம் வெட்டிட்டேன். கடைசில நீங்க பஸ் சொல்லாத காலேஜ் இது ஒண்ணுதான். இங்க என்னென்ன பாடம் இருக்குன்னு அதுக்கு அப்புறம்தான் பாத்தேன்."

"கெமிஸ்ட்ரி?" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது.

"இங்க இல்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நம்ம ஊர்ல இருக்கு. வீட்லேர்ந்து கால் மணி நேரம். நீங்கதான் சொன்னீங்களே, வண்டி வாசல்லயே நிக்கும்னு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் என்ன, இவளுக்குக் கெடுதலா செய்தேன்? மழையில் வண்டி வராவிட்டால் டிப்போவுக்கே போன் போட்டு வேறு வண்டி அனுப்பச் சொன்னவன் நான். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். தீர்த்தா ஒன்றும் மறுக்கவில்லை. எல்லாம் உண்மை அம்மாவா என்றாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கோபம் இறங்கினதும் பேரம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பேசினேன். இப்படியே ஊருக்குத் திரும்பலாம், நம்ம கல்லூரி மேனேஜரைப் பிடித்துக் கெமிஸ்ட்ரி சீட்டு வாங்கித் தருகிறேன், இனிமேல் ஒருத்தனும் உன்னைப் பற்றி என்னிடம் வாய் திறக்க மாட்டான், கண்டக்டர்கள் எல்லாரிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவளுக்குக் கெமிஸ்ட்ரி என்கிற வார்த்தையில் கண் ஒரு கணம் விரிந்தது. நான் பார்த்தேன். அப்புறம் அவள் வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தாள்.

"நீங்க விட்டாலும் அவங்க விட மாட்டாங்க. அவங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்கும் பழகிப்போச்சு. பஸ்ல சிரிப்பு வந்தா வாயைப் பொத்திக்கறேன், அம்மாவா. தனியா இருக்கும்போதும் பொத்திக்கறேன்."

பிடித்த பாடத்தை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, பிடிக்காத கல்லைப் படிக்க இத்தனை தூரம் வந்திருக்கிறாள், என்னிடமிருந்து தப்பிக்க. ஊரெல்லாம் அலைந்து நான் தேடின ஆள் நான்தான்.

ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். அவளை ஹாஸ்டலில் விட்டேன். வாசலில் நின்றபோது சாப்பிடு, குடையை எடுத்துப் போ என்று ஏதேதோ சொன்னேன். தினம் போன் பண்ணு என்று சொல்ல வாயெடுத்து, "அம்மாவுக்கு அப்பப்ப பேசு" என்று மாற்றினேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது அழுதிருந்தாள். ஆனால் உள்ளே போகிறபோது நடை லேசாக இருந்தது. யாரோ ஒரு பெண் அவள் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது காலையில் வந்த அதே பஸ்தான் வந்தது. கூட்டம் இல்லை. கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்து நின்றான். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தான். பஸ்ஸில்தான் என்றதும் அவனுக்கு ஏக சந்தோஷம். நம்ம ஆளாச்சே என்றான். நல்ல பையன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"காலைல கூட வந்தது மகளா சார்? காலேஜ்ல சேத்தாச்சா? அப்ப சனி ஞாயிறு நம்ம வண்டிலதான் டவுனுக்கு வரும் போகும். பேரைச் சொல்லுங்க. உங்க நம்பரும் குடுங்க. நான் ஒரு கண்ணு வெச்சுக்கறேன்."

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இதே சிரிப்போடு. முன்பின் தெரியாத ஊர். தனியாக ஒரு பெண். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒருத்தன்தானே, அவளுக்குத் தெரியவா போகிறது?

"வேண்டாம்" என்றேன். அவன் புரியாமல் பார்த்தான். "அவளை யாரும் பாத்துக்க வேண்டாம். ஒரு ரயில்வே ஸ்டேஷன் குடு."